ஐந்தாவது கட்டம்

பாடக்குறிப்பேட்டில் ஐந்தாவது கட்டம்
தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.
"இப்பாடத்தில் இறைநெறி" என்று தலைப்பு.
நிரப்பாமல் விட்டால் திங்கட்கிழமை
தலைமையாசிரியையின் மஞ்சள் சீட்டை
ஒட்டிக்கொண்டு திரும்பி வரும்.

பின்னத்துக்குப் பாகப்பிரிவினை எழுதிவிடலாம்.
நிலாவுக்குப் பிறை.
காந்தத்துக்கு என்ன எழுதுவது?
"படைப்பில் ஒழுங்கு" என்ற ஒரே வரியை
மூன்று வருடமாக
வேறு வேறு மையில் எழுதி வருகிறேன்.

பத்து ஃபெரிங்கி ஓட்டலில் பட்டறை வைத்தார்கள்.
அதபு என்றால்
ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பது,
மூன்று நாளும் அதையே சொன்னார்கள்,
நாசி லெமாக் நன்றாக இருந்தது.

மலாய்ப் பிள்ளைகள் என்னை 'சிக்கு' என்பார்கள்.
அவர்கள் மொழியில் ஆசிரியை.
எங்கள் வீட்டுத் தமிழில்
சீப்பு நுழையாத இடம்.

இந்த வாரம் கொள்ளளவு.
பாயான் லெப்பாஸில் விமானம் கூரையை உரசிப் போகும்
லுஹருக்கு முந்திய பொழுது,
ஒளுக் குழாய்களுக்கு அடியில் வாளி வைத்தோம்.
இருபத்தாறு பிள்ளைகள், நூற்றுப் பதினேழு லிட்டர்.
தாவுத் ஹசீம் ஒருவனே ஒன்பது.
உஸ்தாஸ் ஹில்மியும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார்.
ஏழு.
வாளியைப் பார்த்தார்.
நபிகள் ஒரு முத்துத் தண்ணீரில் ஒளு முடித்ததை
எங்கள் முகம் பார்க்காமல் அவரே சொன்னார்.
முத்து என்றதும் சபூரா சிரித்தாள்.
இரு கை சேர்த்து அள்ளுவது அது;
முக்கால் லிட்டர்கூட வராது.

என்னுடையதை நான் அளக்கவில்லை.

"வாசல்ல கொட்டுதே அந்த நீரூற்று,
அதை யாரு கணக்குல சேக்குறது டீச்சர்?"
சபூராதான்.
பளிங்குத் தொட்டி, பொன்னெழுத்தில் 'ஓதுக',
சேர்க்கைக்கு வரும் பெற்றோர்
கட்டணத் தாளைப் பிரிக்கும் முன் காதில் விழும் சலசலப்பு.
எனக்குள் ஏதோ துள்ளியது.
கட்டத்தில் எழுதினேன், பேனாவால், அழுத்தி:
"வீண்விரயம் நம் வாசலில் தொடங்குகிறது."
இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

மூன்றாம் நாள் சபூரா வந்தாள்.
"அது ஒரே தண்ணிதான் டீச்சர், சுத்திச் சுத்தி வருது.
மோட்டார் பாக்குற அண்ணன்கிட்டக் கேட்டேன்.
வெயில்ல வத்துறது நாளைக்கு ஒரு வாளி.
அதை அவர்தான் தூக்கியாந்து ஊத்துறாரு."
கொஞ்சம் நின்று,
"கேக்காம எழுதக்கூடாதுல்ல?"

அந்த அண்ணன் பெயர் மொஜம்மெல். ஊர் ரங்பூர்.
நாலு வருடமாக இங்கே இருக்கிறானாம்.
பெயரையும் சபூராதான் கேட்டு வந்தாள்.
அவன் ஒளுவையும் அளந்து வந்திருக்கிறாள்:
மோட்டார் அறைக்குப் பின்னால்,
மினரல் வாட்டர் போத்தல் ஒன்று,
அறுநூறு மில்லி, அடியில் கொஞ்சம் மிச்சம்.

வகுப்பு கைதட்டியது.
அவள் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள்.
"அங்க குழாய் இல்ல டீச்சர்.
நம்ம குழாய்க்கு வரக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்களாம்.
யாருன்னு கேட்டா சிரிக்கிறாரு.
இதைச் சுன்னத்துன்னு எழுதவா,
குழாய் இல்லைன்னு எழுதவா?
எந்தப் பக்கம்?"

அட்டவணையில் இரண்டே பக்கம் போட்டிருந்தேன்.
மணி அடித்தது. பாங்கும் அடுத்து வந்தது.
பிள்ளைகள் ஓடிப்போய்க் குழாயை
நூலாகத் திறந்துவைத்து முண்டியடித்தார்கள்.
உஸ்தாஸ் ஹில்மி மோட்டார் அறைப் பக்கம் நடந்துபோனதைப் பார்த்தேன்.
என்ன பேசினாரோ தெரியாது.
திரும்பும்போது தனியாகத்தான் வந்தார்.

குழாய்க்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.
மூன்று கடை விலைப்புள்ளி வேண்டுமாம்.
ஐந்தாவது கட்டத்தில் தடவிய வெள்ளை மை
காய்ந்து பொருக்காக நிற்கிறது.
அதன் மேல் பென்சிலில்,
நேற்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அளந்த
என் கணக்கு:

எட்டு.